சீட்டுக் கிழிந்த பயிற்சியாளர்களும் செம்பாக்கத்து ரசிகர்களும்

2019 நவம்பர் 30, சனிக்கிழமையன்று சென்னையின் எஃப்.சி. கால்பந்துக் கழகமும் அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரெகரியும் பிரிந்தார்கள். இத்தகைய அறிவிப்புகளில் ‘நீக்கம்’ என்ற சொல் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. நன்றியும் வாழ்த்தும் மட்டுமே இருக்கும். தமிழில் இதற்கு இன்னும் நேர்மையான சொற்கள் உண்டு. சீட்டுக் கிழிந்தது, கல்தா கொடுத்தார்கள், மூட்டை கட்டச் சொன்னார்கள். செம்பாக்கத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் சேலையூரிலும் இருந்த எங்களைப் போன்ற ரசிகர்கள் அன்று புழங்கியது இந்தச் சொற்களைத்தான்.

கிரெகரி 20 மாதங்களுக்கு முன்புதான் கோப்பை வாங்கித் தந்திருந்தார். அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றி, இரண்டு சமநிலை, மூன்று தோல்வி. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில், நேரு விளையாட்டரங்கில் ஹைதராபாத்துக்கு எதிராக, 90 நிமிடங்கள் முடிந்த பிறகு மூன்று கோல்கள் விழுந்து 2-1 என்று வென்றோம். அடுத்த ஆட்டம் ஒடிசாவுடன் 2-2. அதற்கு இரண்டு நாள் கழித்து அறிவிப்பு வந்துவிட்டது. “ஒழியட்டும், போன வருஷமே அனுப்பியிருக்க வேண்டும்” என்று சொன்னவரும், “பாவம், இப்போதுதானே கோல் விழ ஆரம்பித்தது” என்று சொன்னவரும் பல சமயம் ஒரே ஆளாக இருந்தார். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று.

இந்த இரட்டை மனநிலை சென்னைக்குப் பழையதல்ல. பயிற்சியாளரை அனுப்பச் சொல்லிக் கூவுவதையும், அனுப்பிய பின் துக்கம் காப்பதையும் நாங்கள் எங்கிருந்தோ கற்றுக்கொண்டோம். எங்கிருந்து என்பதைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரை.

எங்களுக்கு முந்தைய தலைமுறை பார்த்த சென்னைக் கால்பந்து, அலுவலகக் கால்பந்து. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத் துறை, வருமான வரித் துறை என்று அணிகளின் பெயர்களை அடுக்கினால் அது மத்திய அரசின் தொலைபேசிப் புத்தகம்போல் இருக்கும். ஆட்டக்காரர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர். காலையில் பயிற்சி, பிறகு கவுண்டர் அல்லது கோப்பு. பயிற்சியாளரும் பெரும்பாலும் அதே நிறுவனத்தின் பழைய ஆட்டக்காரர்தான். அவருக்கு ஊதிய உயர்வும் சேமநல நிதியும் ஓய்வு பெறும் வயதும் உண்டு. அணி தோற்றால் அவருடைய சீட்டு கிழியாது. மிஞ்சிப் போனால் அடுத்த ஆண்டு அணிப்பொறுப்பு வேறொருவரிடம் போகும், அவர் தம் மேசைக்குத் திரும்பிவிடுவார். இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக்கில் கொல்கத்தா, கோவா அணிகளை எதிர்த்து ஆடிய காலத்திலும் அதன் அடிப்படை இதுவாகவே இருந்தது. மாடத்தில் இருந்தவர்களுக்கு நடுவரைத் திட்டத் தெரியும், முன்கள ஆட்டக்காரரைத் திட்டத் தெரியும். பயிற்சியாளரின் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. திட்டுவதற்கே ஒரு பெயர் வேண்டுமல்லவா?

கொல்கத்தா அப்போதே வேறு மாதிரி. அங்கே பி.கே. பானர்ஜியும் அமல் தத்தாவும் திரை நட்சத்திரங்களுக்கு நிகரான வீட்டுப் பெயர்கள். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் விளையாட்டரங்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியதற்குக் காரணம் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரு பெயர்கள் மட்டுமல்ல. அமல் தத்தா மோகன் பகானுக்கு வகுத்திருந்த ‘வைர’ வியூகமும், ஆட்டத்துக்கு முன் அவரும் பி.கே.யும் பத்திரிகைகளில் நடத்திய சொற்போரும் கூட்டத்தை இழுத்தன. ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது, பாய்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். அங்கே தோற்றது ஓர் அணி மட்டுமல்ல, ஒரு மனிதரின் கோட்பாடும்கூட என்று ஊரே பேசியது. பயிற்சியாளர் என்பவர் ஒரு கருத்தின் உரிமையாளர் என்ற எண்ணம் வந்தால்தான் அவரை நீக்குவதற்குப் பொருள் வரும். சென்னையில் அந்த எண்ணம் வேரூன்றவில்லை.

அந்த எண்ணத்தின் பிறப்பிடம் இங்கிலாந்து. அங்கும் தொடக்கத்தில் அணியைத் தேர்ந்தெடுத்தது இயக்குநர்களின் குழுதான், மேலாளர் என்பவர் ஏறக்குறைய ஒரு செயலாளர். 1920-களில் ஹட்டர்ஸ்ஃபீல்டிலும் பிறகு ஆர்சனலிலும் ஹெர்பர்ட் சாப்மன் அந்த அதிகாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தார். வெற்றியின் பெருமை முழுவதும் ஒருவருக்கு உரியதானபோது, தோல்வியின் சுமையும் அவர் தலையில் ஏறியது. இயக்குநர்களுக்கு இது வசதியாகப் போயிற்று என்றே தோன்றுகிறது. சாப்மன் 1934 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அவருடைய வாரிசுகளில் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1974-ல் பிரையன் கிளஃப் லீட்ஸ் அணியில் தாக்குப்பிடித்தது 44 நாட்கள்.

இவையெல்லாம் செம்பாக்கத்துக்கு வந்தது கேபிள் வழியாக. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடக்கும் ஆட்டங்களை அந்நாட்டுத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டக் கூடாது என்று தடை இருக்கிறது, அரங்குக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்பதற்காக. நமக்கு அந்தத் தடை இல்லை. குளிர்காலத்தில் சரியாக இரவு எட்டரை மணிக்கு, சாப்பாட்டுத் தட்டு கையில் இருக்கும்போது, ஓல்ட் டிராஃபோர்டு வந்து சேர்ந்துவிடும். மான்செஸ்டரில் வசிப்பவர் வானொலியில் கேட்டதைத் தாம்பரத்தில் வசிப்பவர் கண்ணால் பார்த்தார் என்பது தகவல் தொடர்பு வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

அப்படிப் பார்த்ததில் பந்தைவிட அதிகமாக மனத்தில் தங்கியவை மாடத்தின் நடத்தைகள். 1989 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு விடை கொடுக்கும் பதாகையைப் பிடித்தார்கள் என்பதைப் படித்து அறிந்தோம். அவர் 2013 வரை இருந்து 13 லீக் பட்டங்கள் வென்றார். அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸை அனுப்பச் சொல்லி 2014 மார்ச்சில் ஒரு சிறு விமானம் பதாகையை இழுத்துக்கொண்டு அரங்குக்கு மேலே பறந்ததை நேரலையில் பார்த்தோம். கீழே இருந்த கூட்டம் அந்த விமானத்தைப் பார்த்துக் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டியது. ஒரு மாதத்துக்குள் அவரும் போனார். 2015 டிசம்பரில் செல்சீ ஜோசே மொரீன்யோவை நீக்கியது, பட்டம் வென்ற ஏழாவது மாதத்தில். அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் போனவரின் பெயரைப் பாடினார்கள், சொந்த ஆட்டக்காரர்களை இகழ்ந்தார்கள். 2017 பிப்ரவரியில் லெஸ்டர் அணி கிளாடியோ ரனியேரியை அனுப்பியது. அதற்கு ஒன்பது மாதம் முன்பு, பந்தயக்காரர்கள் ஐயாயிரத்துக்கு ஒன்று என்று கணித்த பட்டத்தை வென்று கொடுத்தவர் அவர்.

மொழியைக் கற்பதுபோல் இந்த நடத்தைகளையும் நாங்கள் கற்றோம். பேசிப் பழக ஓர் அணி மட்டும் இல்லை.

அது 2014-ல் வந்தது. இந்தியன் சூப்பர் லீக்கில் நகரத்துக்கு ஓர் அணி, நடிகர் அபிஷேக் பச்சன் உரிமையாளர்களில் ஒருவர், பயிற்சியாளராக மார்கோ மாத்தராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜினதின் ஜிதான் தலையால் முட்டியது யார் மார்பில் என்று கேட்டால் கால்பந்தே தெரியாதவரும் சொல்லக்கூடிய மனிதர். அணியின் பெயர் சென்னையின் எஃப்.சி. இலக்கணம் அறிந்தவர்களுக்கு இதில் ஒரு சிறு உறுத்தல் இருந்தது. ‘சென்னையின்’ என்று வேற்றுமை உருபோடு நிறுத்தினால், சென்னையின் எது என்ற கேள்வி தொங்குகிறதே? உடைமைப் பெயர் இருக்கிறது, உடைமையைக் காணோம். பின்னாளில் இந்தக் கேள்விக்கு இலக்கணத்தைத் தாண்டிய கனம் வந்தது.

தென்புறநகர்க்காரர்களான எங்களை அந்த அணியோடு கட்டிப்போட்டது 2015-ன் மழை. டிசம்பர் 1-2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மொட்டை மாடிகளிலிருந்து படகில் ஆட்களை இறக்கினார்கள். ஏரிகளுக்கு இடையில் வீடு கட்டிக்கொண்ட எங்கள் பகுதிகளில் எது தெரு, எது ஏரி என்ற வேறுபாடு சில நாட்கள் அழிந்திருந்தது. அந்த வாரங்களில்தான் அணி அரையிறுதிக்குள் நுழைந்திருந்தது. சென்னையில் நடக்க வேண்டிய முதல் ஆட்டத்தை வெள்ளத்தால் புணேவுக்கு மாற்றினார்கள். அங்கே டிசம்பர் 11 அன்று கொல்கத்தாவை 3-0 என்று வென்றோம். 20-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடங்களில் பின்தங்கியிருந்து, எதிரணிக் கோல்காப்பாளரின் கையால் ஒரு சுயகோலும் கூடுதல் நேரத்தில் மெண்டோசாவின் ஒரு கோலுமாக 3-2. சுவரில் தண்ணீர் நின்ற கோடு காயாத வீடுகளில் அதைப் பார்த்தவர்கள் உண்டு.

அடுத்த ஆண்டு அணி எட்டில் ஏழாவதாக முடிந்தது. மாத்தராசி 2017 மார்ச்சில் விலகியபோது எங்களில் யாருக்கும் கோபமில்லை. அந்த மழைக்கால வெற்றியின் கணக்கில் அவருக்கு எல்லாம் தள்ளுபடி ஆயிற்று. இது நியாயமான கணக்கல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ரசிகர் மனம் கணக்குப் பிள்ளையின் மனம் அல்ல.

கிரெகரிக்கு அந்தத் தள்ளுபடி கிடைக்கவில்லை. ஆங்கிலேயர், ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர், வாய்த்துடுக்கு உடையவர். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அவர்கள் மண்ணிலேயே 3-2 என்று வீழ்த்தி இரண்டாம் கோப்பையைக் கொண்டுவந்தார். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டு அரங்கே குலுங்கிய பின், மைல்சன் ஆல்வஸ் இரண்டு முறை தலையால் முட்டி அதை அடக்கினார். அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், பட்டியலில் கடைசி. நடப்பு வெற்றியாளர்கள் கடைசி இடத்துக்கு வருவது எளிதில் நடக்கும் காரியமல்ல, அதற்கும் ஒரு முயற்சி வேண்டும். இருந்தும் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. அந்த 2019 கோடையில் ஆசியக் கோப்பைக் கழகப் போட்டியின் ‘சொந்த மண்’ ஆட்டங்களை அணி அகமதாபாத்தில் ஆடியது. தாம்பரத்திலிருந்து கடற்கரை ரயிலேறிப் பூங்கா நிலையத்தில் இறங்கி நேரு அரங்குக்கு நடந்து பழகியவர்களுக்கு அகமதாபாத் எப்படிச் சொந்த மண் ஆகும்? அந்தக் கேள்வியைப் பயிற்சியாளரிடம் கேட்பதில் பயனில்லை. ஆனால் கேட்பதற்கு முகம் தெரிந்த ஒருவர் அவர் மட்டும்தான் இருந்தார்.

ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். உரிமையாளர்கள் எங்கோ இருக்கிறார்கள். மைதானம் அரசுடையது. எல்லைக்கோட்டருகே நின்று கைவீசும் அந்த ஒருவரே ரசிகருக்குக் கழகத்தின் உடல். அவரை நேசிப்பதும் வெறுப்பதும் அதனால்தான் இவ்வளவு எளிதாக இருக்கிறது. அவரை அனுப்பும்போது கழகம் எங்களுக்கு ஏதோ பதில் சொல்லிவிட்டது போன்ற ஒரு மயக்கம் உண்டாகிறது. மயக்கம் என்று சொல்லக் காரணம், பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் அந்த அறிவிப்பில் கையொப்பமிட்டுவிட்டு இடம் மாறாமல் இருப்பதுதான்.

கிரெகரிக்குப் பின் வந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல். அச்சுக் கோப்பவர் சற்றுக் கண்ணயர்ந்தால் கோயிலாகிவிடும் பெயர். அந்த ஆண்டு அவரைக் கும்பிடாதவர்கள் குறைவு. ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளியோடு இருந்த அதே அணி, மீதி பன்னிரண்டில் 24 புள்ளிகள் எடுத்து நான்காவதாக வந்தது. நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்களோடு தங்கக் காலணி வாங்கினார். அரையிறுதியில் எதிரே வந்தது கோவா. அங்கே நடந்த கதை இன்னும் விசித்திரமானது. அட்டவணையின் உச்சியில் இருந்தபோதே, ஜனவரி இறுதியில் தம் ஸ்பானியப் பயிற்சியாளர் செர்ஹியோ லொபேராவை அனுப்பிவிட்டார்கள். பொறுப்பேற்ற உள்ளூர்க்காரர் கிளிஃபோர்டு மிராண்டா லீக்கை முதலிடத்தில் முடித்துக் கேடயத்தை வாங்கிக் கொடுத்தார். நாங்கள் சென்னையில் 4-1 என்று வென்று, கோவாவில் 2-4 என்று தோற்று, 6-5 கணக்கில் தப்பினோம். மார்ச் 14 அன்று இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. கொரோனா அச்சத்தால் அன்று மாடத்தில் ஒருவரும் இல்லை.

ஆக, கிரெகரியை அனுப்பியது சரிதான் என்று ஆகிவிட்டதா? எங்களில் பலர் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். அந்த முடிவுதான் அடுத்த ஆண்டுகளில் எங்களைக் கெடுத்தது என்று நினைக்கிறோம். பயிற்சியாளரை மாற்றினால் மருந்து உடனே வேலை செய்யும் என்று ஒருமுறை கண்டுவிட்டவர்கள் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அதையே கேட்டார்கள். கோய்ல் அந்தப் பருவத்தோடு போனார். அடுத்தவர் ஹங்கேரி வழி வந்த சாபா லாஸ்லோ, எட்டாம் இடம், ஓராண்டு. அடுத்தவர் மாண்டினீக்ரோவின் போஜிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரி 9 அன்று கோவாவிடம் 5-0 என்று தோற்றபின் சில நாட்களில் அவரும் இல்லை. இரண்டு பருவங்களாக ஆட்டங்கள் அனைத்தும் கோவாவில், பூட்டிய அரங்குகளில் நடந்துகொண்டிருந்தன. வெற்று இருக்கைகளுக்கு முன் ஒரு மனிதரின் வேலை போயிற்று. அவரைத் திட்டியவர்களில் எவரும் அவரைச் சென்னையில் நேரில் பார்த்ததில்லை. அதற்கு அடுத்தவர் ஜெர்மனியின் தோமாஸ் பிர்டாரிச், அவரும் ஓராண்டு. 2023-ல் மறுபடியும் கோய்ல்.

இந்தப் பட்டியலில் விட்டுப்போன ஒரு பெயர் உண்டு. பாந்தோவிச் போன பின் எஞ்சிய ஆட்டங்களுக்கு அணியை நடத்தியவர் சையது சாபிர் பாஷா. சென்னைக்காரர், இந்தியன் வங்கியின் முன்கள ஆட்டக்காரர், இந்திய அணிக்காக ஆடியவர், பல ஆண்டுகளாகச் சென்னையின் அணியில் துணைப் பயிற்சியாளர். நேரு அரங்கின் மாடத்தில் எங்கள் தந்தையர் பெயர் சொல்லிக் கூவிய ஆட்டக்காரர்களின் வரிசையில் வந்தவர். நம் தாலுகா அலுவலகங்களின் பெயர்ப்பலகையில் பதவிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேலை முழுவதும் உண்டு, பதவி இல்லை என்று அதற்குப் பொருள். பாஷா அந்த அடைப்புக்குறிக்குள் வந்தார், பருவம் முடிந்ததும் கழகம் ஜெர்மனிக்காரரை அழைத்தது. அலுவலகக் கால்பந்தில் சீட்டு கிழியாத இனமாக இருந்த உள்ளூர்ப் பயிற்சியாளருக்குப் புதிய காலம் தந்த இடம் இது. பிறர் சீட்டு கிழிந்த மறுநாள் காலையில் மட்டும் அவர் தேவைப்படுகிறார்.

வெளிநாட்டார் பலர் நல்ல பயிற்சியாளர்கள், அதில் ஐயமில்லை. கோய்ல் செய்ததை உள்ளூரார் ஒருவர் செய்திருப்பார் என்று அடித்துச் சொல்லும் துணிவு எங்களுக்கு இல்லை. எங்களை உறுத்துவது வேறு. பாந்தோவிச்சை அனுப்பச் சொல்லி அவ்வளவு சத்தம் போட்ட நாங்கள், பாஷாவை நிரந்தரமாக்குங்கள் என்று அதில் கால்வாசிச் சத்தம்கூடப் போடவில்லை. அடுத்து எந்த நாட்டிலிருந்து யார் வருகிறார் என்று ஊகிப்பதில் மும்முரமாக இருந்தோம். நீக்கத்தின் இன்பத்தில் பாதி, வரப்போகிறவரைப் பற்றிய கனவுதானே?

கொச்சி ரசிகர்கள் இதில் ஒருபடி முன்னே போனார்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் தொடர்ந்து தோற்றபோது அவர்களுடைய ‘மஞ்ஞப்பட’ நிர்வாகத்துக்கு எதிராகவே டிக்கெட் வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. 16-ஆம் தேதி நிர்வாகம் ஸ்வீடன்காரரான மிக்கேல் ஸ்டாரேயைத் துணைவர்களோடு அனுப்பிவைத்தது. பலி கொடுத்தாயிற்று, கூட்டம் அடங்கும் என்று நினைத்திருக்கலாம். அடங்கவில்லை. பொறுப்பேற்ற மலையாளி டி.ஜி. புருஷோத்தமனின் முதல் ஆட்டத்தில் அணி 3-0 என்று வென்றபோதும் நிர்வாகத்துக்கு எதிரான முழக்கம் நிற்கவில்லை. அவர்கள் பயிற்சியாளரின் தோளுக்கு மேலே பின்னால் நின்றவர்களைப் பார்த்துவிட்டார்கள். புருஷோத்தமன் மட்டும் வழக்கம்போல மார்ச் வரை பொறுப்பில் இருந்தார், பிறகு ஸ்பெயினிலிருந்து டேவிட் கட்டாலா வந்தார்.

சென்னையில் நாங்கள் அப்படிப் பார்க்கக் கழகமே கதவைச் சாத்த வேண்டியிருந்தது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையில் 2010-ல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், 2025 ஜூலையில் லீக் காலவரையின்றி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதன்மை அணியின் செயல்பாடுகளை நிறுத்தியது. கோய்ல் அந்த ஆண்டு விலகியதற்கு வழக்கமான கூச்சலும் இல்லை, வழக்கமான துக்கமும் இல்லை. யாரை நீக்கச் சொல்வது என்று தெரியாமல் ‘சென்னையின்’ என்ற சொல் பழையபடி எழுவாயும் பயனிலையும் இன்றி நின்றது.

அதே ஆண்டின் பிற்பகுதியில் கழகம் தன் தலைமைப் பயிற்சியாளராகக் கிளிஃபோர்டு மிராண்டாவை நியமித்தது. 2020-ல் கோவாவில் பொறுப்பு, 2023-ல் ஒடிசாவில் பொறுப்பு, அங்கே சூப்பர் கோப்பையையும் வென்றார். 2024 ஜனவரியில் மோகன் பகான் ஹுவான் ஃபெராண்டோவை நீக்கியபோது அங்கும் சில ஆட்டங்களுக்குப் பொறுப்பு. பிறர் சீட்டு கிழிந்த மறுநாட்களிலேயே பெயரெடுத்த மனிதர். சென்னையில் முழுப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அறிவிப்பு வந்த அன்று லீக் எப்போது தொடங்கும், தொடங்குமா என்பதே எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆட்டம் தொடங்க 2026 பிப்ரவரி ஆயிற்று.